பங்கு வாங்குவோர் அறிய வேண்டுவன

பணி ஓய்வு பெறும் ஆசிரியர் ஒருவரின் கையில் பணிக்கொடையும் சேமநல நிதியும் சேர்ந்து ஒரு தொகை வருகின்றது. பாகப்பிரிவினைக்குப் பின் நிலத்தை விற்றவர் கையிலும் அவ்வாறே ஒரு தொகை சேருகின்றது. வாழ்நாளில் ஒருமுறையே கிட்டும் அப்பணத்தை வங்கி வைப்பில் இடுவதா, பொன்னாக மாற்றுவதா, நிறுவனப் பங்குகளில் இடுவதா என்னும் வினா இன்று பல இல்லங்களில் எழுகின்றது. முன்னாளில் பங்கு வாங்க விரும்புவோர் தரகரை நாடி, படிவம் நிரப்பி, பத்திரம் அஞ்சலில் வரும்வரை காத்திருந்தனர். 1996-ஆம் ஆண்டின் வைப்பகச் சட்டத்திற்குப் பின் காகிதப் பத்திரம் கணினிக் கணக்காக மாறிற்று. இன்று கைப்பேசி வழியே சில நொடிகளில் பங்கு வாங்கிவிடலாம். வாங்கும் செயல் எளிதாயிற்றேயன்றி, எதை, என்ன விலைக்கு, எக்காரணத்தால் வாங்குகின்றோம் என்னும் ஆராய்ச்சி எளிதாகிவிடவில்லை.

இவ்வெளிமையின் விளைவைச் செபி என்னும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் கணக்கிட்டு 2024 செப்டம்பரில் வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்டு ஓ எனப்படும் எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். அவர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நூற்றுவரில் எழுவரே நட்டமின்றி மீண்ட ஒரு களத்தை முதலீடு என்னும் பெயரால் அழைப்பது பொருந்துமா என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எந்தப் பங்கை வாங்கலாம் என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வாறு கூறுவோர் போதிய அளவுக்கு மேலேயே உள்ளனர். பங்கு ஒன்றை எவ்வாறு மதிப்பிடுவது, மதிப்பிட்ட பின் மனத்தை எவ்வாறு கட்டுக்குள் வைப்பது என்னும் இரண்டையும், இத்துறையின் முதலாசிரியராகக் கருதப்படும் பெஞ்சமின் கிரஹாமின் வாழ்வையும் கணக்குகளையும் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கிரஹாம் 1894-இல் இலண்டனில் பிறந்தவர். அடுத்த ஆண்டே குடும்பம் நியூயார்க்கில் குடியேறியது. அவர் சிறுவனாக இருந்தபோதே தந்தையார் மறைந்தார். வருவாய் குன்றிய நிலையில் அவருடைய அன்னையார் கடனுக்குப் பங்கு வாங்கி வைத்திருந்தார். 1907-ஆம் ஆண்டின் நிதிப் பீதியில் அக்கணக்கு முழுதும் அழிந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சிறந்த மாணவராகத் தேறிய கிரஹாம், அங்கேயே ஆசிரியப் பணி கிடைத்தும் அதனை ஏற்காது, 1914-இல் வால் தெருவில் ஒரு தரகு நிறுவனத்தில் கீழ்நிலைப் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் பங்கு வணிகம் பெரும்பாலும் வதந்தியின் வழியே நடந்தது. யார் வாங்குகின்றார், யார் விற்கின்றார் என்பதையே எல்லோரும் கேட்டனர். நிறுவனத்தின் கணக்கேட்டைத் திறந்து பார்ப்போர் அரியர்.

திறந்து பார்த்தால் என்ன கிட்டும் என்பதற்கு நார்தர்ன் பைப்லைன் என்னும் நிறுவனத்தின் வரலாறு நல்ல சான்று. ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் 1911-இல் நீதிமன்ற ஆணையால் பிரிக்கப்பட்டபோது, எண்ணெய்க் குழாய்களை மட்டும் நடத்தும் எட்டுச் சிறு நிறுவனங்கள் தனியே பிரிந்தன. அவற்றுள் ஒன்று இது. இந்நிறுவனங்கள் பங்குதாரர்க்கு மிகச் சுருக்கமான கணக்கையே அளித்து வந்தன. ஆனால் வாஷிங்டனில் இருந்த அரசு ஆணையத்திற்கு அவை விரிவான அறிக்கை தந்தாக வேண்டும். 1926-இல் கிரஹாம் நேரே அங்குச் சென்று அவ்வறிக்கைகளைப் பார்வையிட்டார். நார்தர்ன் பைப்லைன் பங்கின் சந்தை விலை அப்போது 65 டாலர். ஆண்டுப் பங்காதாயம் 6 டாலர். அந்நிறுவனமோ பங்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 95 டாலர் பெறுமான இரயில்வே கடன் பத்திரங்களையும் பிற ரொக்கம் போன்ற சொத்துகளையும் வைத்திருந்தது. குழாய் நடத்தும் தொழிலுக்கு அவை தேவையே இல்லை. 95 டாலர் உள்ள பெட்டியை 65 டாலருக்குச் சந்தை விற்றுக்கொண்டிருந்தது. குழாய்த் தொழில் அதற்குமேல் இலவசம்.

இங்கு நின்றுவிட்டால் இது ஒரு கூர்மையான கண்டுபிடிப்பு என்ற அளவில் முடிந்திருக்கும். கிரஹாம் பங்குகளை வாங்கிச் சேர்த்தார். தேவையற்ற சொத்தைப் பங்குதாரர்க்குப் பகிர்ந்தளிக்குமாறு நிர்வாகத்தாரைக் கேட்டார், அவர்கள் மறுத்தனர். 1927 சனவரியில் பென்சில்வேனியாவில் ஆயில் சிட்டி என்னும் ஊரில் நடந்த பேரவைக் கூட்டத்திற்குச் சென்றார். அவருடைய தீர்மானத்தை வழிமொழிய ஒருவரும் இல்லையெனக் கூறிப் பேசவே இடம் தரவில்லை. அடுத்த ஓராண்டுக் காலம் பிற பங்குதாரர்களைத் தேடிச் சென்று பதிலாள் வாக்குகளைத் திரட்டினார். 1928-இல் இயக்குநர் ஐவரில் இரு இடங்களைப் பெற்றார். பின்னர் பங்கு ஒன்றுக்கு 70 டாலர் பகிர்ந்தளிக்கப்பட்டது. மதிப்பைக் கண்டறியச் சில நாட்கள். அம்மதிப்பு கைக்கு வர ஏறத்தாழ ஈராண்டு. வாங்கிய மறுவாரமே விலை ஏறவில்லை என்று மனம் சோர்வோர் இக்கால அளவைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு நூற்பாலை நிறுவனம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். மொத்தப் பங்குகள் 50 லட்சம். ரொக்கமும் வங்கி இருப்பும் 8 கோடி ரூபாய். வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டியது 10 கோடி. பஞ்சும் நூலுமான சரக்கிருப்பு 12 கோடி. ஆக நடப்புச் சொத்து 30 கோடி. வங்கிக் கடன் உட்பட நிறுவனம் தரவேண்டியது மொத்தம் 14 கோடி. மீதம் 16 கோடியை 50 லட்சத்தால் வகுத்தால் பங்கு ஒன்றுக்கு 32 ரூபாய். நிலம், கட்டடம், இயந்திரம் ஆகியவற்றை நாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சந்தையில் பங்கு 20 ரூபாய்க்குக் கிடைக்கின்றது. 32-இல் மூன்றில் இரு பங்குக்கும் குறைவான விலைக்கு வாங்குவது கிரஹாம் நெடுங்காலம் கையாண்ட முறை. 20 என்பது அவ்வரம்புக்குள் அடங்குகின்றது. வாங்கிவிடலாமா?

பொறுத்தல் வேண்டும். அவரும் டேவிட் டாட் என்பவரும் இணைந்து 1934-இல் எழுதிய நூலில், நிறுவனத்தை இன்றே மூடி விற்றால் என்ன தேறும் என்று மதிப்பிடும் முறையும் உள்ளது. ரொக்கத்தை முழுமையாகவும், வரவேண்டிய கடனை ஏறத்தாழ 80 விழுக்காடாகவும், சரக்கிருப்பை ஏறத்தாழ மூன்றில் இரு பங்காகவும் கொள்வர். நம் நூற்பாலைக்கு இதனைப் பொருத்தினால் ரொக்கம் 8, வரவேண்டியது 8, சரக்கு 8, ஆக 24 கோடி. தரவேண்டிய 14 கோடியோ ஒரு காசும் குறையாது. மீதம் 10 கோடி. பங்கு ஒன்றுக்கு 20 ரூபாய். முதற்கணக்கில் 12 ரூபாய் மலிவாகத் தோன்றிய பங்கு, கடுமையான இரண்டாம் கணக்கில் சரியான விலைக்கு வந்து நிற்கின்றது. சொத்து குறையும், கடன் குறையாது என்னும் ஓர் உண்மையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். நம் மதிப்பீட்டில் பிழை நேர்ந்தாலும் முதல் அழியாதிருக்க, இந்த 20-க்கும் கீழே, 13 அல்லது 14 ரூபாய்க்குக் கிடைக்கும்வரை காத்திருப்பவர்க்கே மார்ஜின் ஆஃப் சேப்டி எனப்படும் பாதுகாப்பு இடைவெளி உண்டு. ஐந்து வண்டி பாரம் செல்லும் பாலத்தைப் பத்து வண்டி தாங்குமாறு கட்டுவது போன்றது அது.

இத்துணை மலிவான பங்குகள் எக்காலத்தும் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. ஆதலின் பொது வாசகர்க்கென எழுதிய நூலின் 1973-ஆம் ஆண்டுப் பதிப்பில் கிரஹாம் வேறு சில அளவுகோல்களைத் தந்தார். பத்தாண்டுகளில் ஓராண்டும் நட்டம் கண்டிருக்கலாகாது. இருபதாண்டுகள் தொடர்ந்து பங்காதாயம் தந்திருக்க வேண்டும். மூன்றாண்டுச் சராசரி ஈட்டத்தைப் போல் விலை 15 மடங்கிற்கு மிகாதிருக்க வேண்டும் என்பன அவற்றுட் சில. 15 மடங்கு என்பதைப் புரட்டிப் பார்த்தால், நூறு ரூபாய் விலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 6 ரூபாய் 67 காசு ஈட்டம் என்று பொருள். வங்கி வைப்பு 7 ரூபாய் தருமாயின், பங்கின் ஈட்டம் வளரும் என்னும் நம்பிக்கைக்கே நாம் விலை கொடுக்கின்றோம் என்று தெளியலாம். அறுபது மடங்கு விலையில் வாங்குபவர் நூறு ரூபாய்க்கு 1 ரூபாய் 67 காசு ஈட்டத்தைப் பெற்று, எஞ்சியதை எதிர்காலத்தின் மீது ஏற்றுகின்றார். அதுவும் சில நேரங்களில் பலிக்கும். ஆனால் பலிக்காவிடின் தாங்குவதற்கு அடியில் ஒன்றுமில்லை.

இவ்வளவு கற்ற கிரஹாமும் 1929-இல் தப்பவில்லை. அமெரிக்கப் பங்குகளின் டோ ஜோன்ஸ் குறியீட்டெண் 1929 செப்டம்பர் 3-இல் 381-ஆக இருந்து 1932 சூலை 8-இல் 41-ஆக வீழ்ந்தது. பத்தில் ஒன்பது பங்கு ஏறத்தாழ மறைந்தது. அவர் நிர்வகித்த 25 லட்சம் டாலர் கூட்டுக் கணக்கு 1929-இல் 20 விழுக்காடும், 1930-இல் 50 விழுக்காடும், 1931-இல் 16 விழுக்காடும், 1932-இல் 3 விழுக்காடும் இழந்தது. தொடர்ச்சியாகக் கணக்கிட்டால் நூறு டாலரில் எஞ்சியது ஏறத்தாழ 33 டாலர். இவற்றுள் 1930-ஆம் ஆண்டின் இழப்பே பெரிது. வீழ்ச்சி முடிந்தது என்று கருதி, கடன் பணமும் கொண்டு அவர் சந்தையில் நின்ற ஆண்டு அது. அன்னையாரின் கணக்கை அழித்ததும் கடனே.

கடன் ஏன் இத்துணைக் கொடிது என்பது எளிய கணக்கு. சொந்தப் பணம் ஒரு லட்சமும் கடன் ஒரு லட்சமும் சேர்த்து இரண்டு லட்சத்திற்குப் பங்கு வாங்கியவர், விலை பாதியாகக் குறைந்த நாளில் மீதமுள்ள ஒரு லட்சத்தையும் கடன் கொடுத்தவரிடம் தந்துவிட்டு வெறுங்கையுடன் நிற்பார். கடனின்றி ஒரு லட்சத்திற்கு வாங்கியவரிடம் ஐம்பதினாயிரம் எஞ்சும். விலை மீளும்வரை அவர் காத்திருக்கலாம். 1929-இன் உச்சத்தை அக்குறியீட்டெண் மீண்டும் எட்டியது 1954 நவம்பரில். (பங்காதாயத்தைச் சேர்த்தால் இக்காலம் குறையும், எனினும் உச்ச விலையில் வாங்கியவர்க்கு அது நெடிய காத்திருப்பே.) பெண்ணின் திருமணத்திற்கோ பிள்ளையின் படிப்பிற்கோ இரண்டாண்டில் வேண்டிய பணம் பங்குச் சந்தைக்கு உரியதன்று என்பதற்கு இதைவிட வலிய சான்று வேண்டா.

அவ்வீழ்ச்சிக்குப் பின் கற்றவற்றின் சாரமாகவே சந்தையை ஒரு கூட்டாளியாக உருவகித்தார் கிரஹாம். அக்கூட்டாளி நாள்தோறும் வந்து, நம் பங்கை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன், அல்லது என் பங்கை அவ்விலைக்கே தருகிறேன் என்பார். ஒருநாள் உற்சாகத்தின் மிகுதியால் உயர்ந்த விலை கூறுவார். மறுநாள் உலகமே முடிந்தது போல் அஞ்சித் தாழ்ந்த விலை கூறுவார். நாம் மறுத்தால் வருந்தமாட்டார், நாளையும் வருவார். அவர் கூறும் விலையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நம் சொத்தின் மதிப்பை அவரிடம் கேட்டறியலாகாது. நெல்லுக்கு இன்று விலை இல்லையெனக் கேட்டு, வயலே பயனற்றதென எந்த உழவரும் விற்றுவிடுவதில்லை. அதே உழவர் குடும்பத்துப் பிள்ளை கைப்பேசியில் பங்கு விலை சிவப்பாகத் தெரிந்தவுடன் விற்கத் துடிக்கின்றான்.

மதிப்பு என்னும் சொல்லையே தவறான வழியில் பயன்படுத்துவோரும் உண்டு. 1992-இல் நம் நாட்டில் நிகழ்ந்தது அது. மும்பைத் தரகர் ஹர்ஷத் மேத்தா வங்கிப் பணத்தை முறைகேடாகத் திருப்பிப் பங்குகளை வாங்கிக் குவித்தார். 1991-இன் தொடக்கத்தில் 1,000 அளவில் இருந்த சென்செக்ஸ் 1992 ஏப்ரலில் 4,467-ஐத் தொட்டது. சில நூறு ரூபாயாக இருந்த ஏ.சி.சி. சிமென்ட் பங்கு 9,000 ரூபாய் அளவிற்கு ஏறிற்று. இதற்கு அவர் கூறிய நியாயம், இன்று இத்தகைய ஆலையைப் புதிதாகக் கட்ட என்ன செலவாகுமோ அதுவே பங்கின் மதிப்பு என்பது. கேட்பதற்கு அறிவார்ந்த கூற்றாகத் தோன்றும். ஏப்ரல் இறுதியில் நாளிதழ்ச் செய்தியால் ஊழல் வெளிப்பட்டதும் விலைகள் சரிந்தன. கடைசியில் வாங்கியவர்கள் நட்டத்தைச் சுமந்தனர்.

அக்கூற்றின் பிழையை அறிய, கிரஹாமின் மாணவர் வாரன் பபெட்டின் நூற்பாலைக்குச் செல்ல வேண்டும். பெர்க்ஷயர் ஹாத்தவே என்பது இன்று பெருஞ்செல்வ நிறுவனத்தின் பெயர். 1960-களில் பபெட் அதனை வாங்கியபோது அது நலிந்த துணி ஆலை. ஏட்டு மதிப்பைவிட மலிவாகக் கிடைத்தது என்பதே வாங்கியதன் காரணம். இருபதாண்டுப் போராட்டத்திற்குப் பின் 1985-இல் ஆலையை மூடி இயந்திரங்களை ஏலமிட்டனர். ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கிய இயந்திரங்கள் 1,63,122 டாலருக்கே போயின. 1981-இல் ஒவ்வொன்றும் 5,000 டாலருக்கு வாங்கப்பட்ட தறிகள் பழைய இரும்பாக 26 டாலருக்கு விற்கப்பட்டன. ஈட்டித் தராத சொத்துக்கு அடக்கவிலையும் இல்லை, புதிதாகக் கட்டும் செலவும் மதிப்பாகாது. நம் கற்பனை நூற்பாலையின் இயந்திரங்களைக் கணக்கில் சேர்க்காததன் காரணம் இப்போது விளங்கும்.

இதற்கு நேர்மாறானது சீஸ் கேண்டீஸ் என்னும் இனிப்பு நிறுவனம். 1972-இல் பபெட்டின் குழுவினர் அதனை 2 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கினர். தொழிலில் முடங்கியிருந்த முதல் 80 லட்சம் டாலர் மட்டுமே. சொத்தை மட்டும் பார்த்தால் மும்மடங்கு விலை. ஆனால் வரிக்கு முன் ஆண்டு ஈட்டம் 50 லட்சம் டாலருக்குச் சற்றே குறைவு. வாங்குவோர் நம்பிக்கையால் ஆண்டுதோறும் விலையை உயர்த்த முடிந்தது. புதிய முதலோ மிகுதியாகத் தேவைப்படவில்லை. 2007 வரை அது ஈட்டித் தந்தது வரிக்கு முன் 135 கோடி டாலர். ஆகவே மலிவு என்பது சொத்தோடு ஒப்பிட்டு மட்டும் அறியத்தக்கதன்று. அத்தொழில் ஈட்டும் திறனோடும் ஒப்பிட வேண்டும். ஆசிரியரினும் மாணவர் ஒருபடி மேலே சென்ற இடம் இது என்பது என் கருத்து. கிரஹாமுக்கும் இவ்வனுபவம் இல்லாமலில்லை. 1948-இல் ஜைகோ என்னும் காப்பீட்டு நிறுவனத்தின் பாதிப் பங்குகளை ஏறத்தாழ 7 லட்சம் டாலருக்கு வாங்கினார். ஒரே இடத்தில் நிதியின் கால் பங்கை இட்டது அவருடைய சொந்த விதிக்கே மாறானது. அவ்வொரு முதலீட்டின் இலாபம், இருபதாண்டுகளில் பிற அனைத்திலும் கிடைத்த இலாபத்தை விஞ்சியதென அவரே எழுதி வைத்தார்.

இனி மனக்கட்டுப்பாடு. இதற்குப் பெரிய நூல்கள் வேண்டா. ஒரு குறிப்பேடு போதும். பங்கு வாங்குமுன் அந்நிறுவனம் எதனால் வருவாய் ஈட்டுகின்றது, நாம் கணக்கிட்ட மதிப்பு என்ன, எது நிகழ்ந்தால் நம் கணக்கு பொய்யாகும் என்னும் மூன்றையும் நாள் குறித்துத் தாய்மொழியில் எழுதுதல் நன்று. எழுத முடியாவிடின் வாங்கலாகாது. உறவினர் கூறினார், தொலைக்காட்சியில் கூறினர் என்பவை அவ்வேட்டில் எழுதினால் நாணம் தருவன, அந்நாணமே பாதுகாப்பு. விலை முப்பது விழுக்காடு குறைந்த நாளில் ஏட்டைத் திறந்து, எழுதிய காரணம் இன்னும் நிற்கின்றதா என்று மட்டும் பார்க்க வேண்டும். நிற்குமாயின் விலைக்குறைவு வாய்ப்பு. நிற்காவிடின், நட்டத்தில் விற்பதற்கு மனம் கூசலாகாது. வாங்கிய விலையைப் பங்கு அறியாது. சந்தை நடக்கும் நேரத்தில் முடிவெடுக்காமல் மாலையில் எடுத்து மறுநாள் செயல்படுத்துதல் இன்னொரு நல்வழக்கம்.

எப்போது விற்பது என்பதற்குக் கிரஹாம் தம் இறுதி ஆண்டான 1976-இல் ஒரு விதி கூறினார். மலிவு விலையில் வாங்கிய பங்கு 50 விழுக்காடு ஏறினால் விற்க. ஏறாவிடின் இரண்டாம் ஆண்டின் இறுதியில் விற்க. சீஸ் போன்ற தொழிலை இவ்விதியால் விற்பவர் பெரும்பேற்றை இழப்பார் என்பது தெளிவு. ஆயினும் நலிந்த தொழிலை மலிவுக்காக வாங்குவோர்க்கு இது தக்க வேலி. நல்ல தொழில் எது, மலிவான சரக்கு எது என்று வாங்கும்போதே ஏட்டில் பிரித்தெழுதாதவர், முன்னதை விரைவில் விற்றுப் பின்னதைக் காலமெல்லாம் வைத்திருப்பார்.

கணக்கேட்டையும் முற்றிலும் நம்பிவிடலாகாது. 2009 சனவரி 7-இல் சத்யம் நிறுவனத் தலைவர் தாமே எழுதி ஒப்புக்கொண்டபடி, ஏட்டில் இருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி பொய். கடுமையான கணக்கிலும் நாம் முழுமையாக எடுத்துக்கொள்ளும் ரொக்கமே இல்லாத ஒன்றாயிற்று. ஆதலின் ஆண்டறிக்கை கையில் வந்ததும் தலைவரின் உரையையும் வண்ணப் படங்களையும் தள்ளிவைத்து, தணிக்கையாளர் அறிக்கையிலிருந்து தொடங்குக. அடுத்துக் கணக்குகளின் பின்னுள்ள குறிப்புகள்: வழக்குகளால் வரக்கூடிய பொறுப்புகள், நிறுவனர் குடும்பத்தின் பிற நிறுவனங்களுக்குத் தந்த கடன், அவர்கள் தம் பங்குகளை அடகு வைத்துள்ளனரா என்னும் செய்தி. இலாபம் ஏறியும் தொழிலிலிருந்து வரும் ரொக்கம் ஏறவில்லையெனின் ஏன் என்று கேட்க. பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இவ்வறிக்கைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கிரஹாம் இதற்காக இரயிலேறி வாஷிங்டன் செல்ல வேண்டியிருந்தது.